குலுக்கலுக்குப் பிறகு

ஆன்லைன் சர்வேக்களை ஸ்கிரிப்ட் செய்து தருவது என் பிழைப்பு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆய்வு நிறுவனங்களிலிருந்தும் வேர்டு ஃபைலில் கேள்வித்தாள் வரும். அதை உள்ளே ஏற்றி, டெஸ்ட் லிங்க் அனுப்பி, அவர்கள் சரி என்றதும் ஃபீல்டுக்கு, அதாவது நிஜ ஆட்களிடம், விடுவோம். பாதிக்கு மேல் ஷாம்பு, கார் இன்ஷூரன்ஸ், செல்போன் பிளான். மீதியில் எனக்குப் பிடித்தவை சர்வேக்குள் நடத்தும் சோதனைகள். ஒரே சர்வேக்கு வருகிறவர்களைக் குலுக்கி இரண்டாகவோ ஐந்தாகவோ பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வாசகத்தையோ செய்தியையோ படத்தையோ காட்டி, அப்புறம் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பது. பதிலில் வித்தியாசம் வந்தால், அதற்குக் காரணம் நாம் மாற்றிக் காட்டிய அந்த ஒன்றுதான் என்று சொல்லலாம்.

குலுக்குவது ஒரு வேலையே இல்லை. சர்வே தயாரிக்கும் மென்பொருளான குவால்ட்ரிக்ஸில் சர்வே ஃப்ளோவைத் திறந்து, குலுக்கிப் பிரிக்கும் ரேண்டமைஸர் ஒன்றைச் சேர்த்து, இரண்டு பிளாக்குகளை (கேள்வித் தொகுப்புகளை) அதற்குள் இழுத்துவிட்டு, இதில் ஒன்றை மட்டும் காட்டு என்று எண் கொடுத்தால் முடிந்தது. சம எண்ணிக்கையில் காட்டச் சொல்ல ஒரு டிக். ஆனால் அந்த ரேண்டமைஸரை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வயது, மாநிலம் கேட்டு ஆட்களை வடிகட்டும் ஸ்கிரீனருக்கு மேலே வைத்துவிட்டால், வெளியே போகப் போகிற ஆட்களுக்கும் சீட்டு விழும். கடைசியில் ஒரு குழுவில் 520, இன்னொன்றில் 470 என்று வந்து நிற்கும், கிளையன்ட் ஏன் என்று கேட்பார். ஸ்கிரீனருக்குக் கீழே, சம்மதப் பக்கத்துக்குக் கீழே, படித்துத்தான் பதில் சொல்கிறாரா என்று பார்க்கும் கவனச் சோதனைக்கும் கீழே, காட்ட வேண்டிய பக்கத்தை ஒட்டி வைப்பதுதான் சரி. யாருக்கு எந்த பிளாக் போனது என்பதை, பதிலோடு சேர்ந்தே பதிவாகும் எம்பெடட் டேட்டாவில் அந்தந்தக் கிளைக்குள்ளேயே எழுதி வைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் டேட்டா ஃபைல் வந்த பிறகு, யார் எதைப் பார்த்தார்கள் என்று பின்னாலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கும்.

பிரித்துக் கேட்கும் இந்த யோசனை இணையத்துக்கு ரொம்ப முந்தையது. 1941-இல் டொனால்ட் ரக் வெளியிட்ட அமெரிக்கக் கணிப்பைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். பாதிப் பேரிடம், ஜனநாயகத்துக்கு எதிரான பொதுக்கூட்டப் பேச்சை அமெரிக்கா அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டார்கள். கூடாது என்றவர்கள் 62%. மறுபாதியிடம் அதே பேச்சைத் தடை செய்ய வேண்டுமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றவர்கள் 46% மட்டுமே. அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் நடைமுறையில் ஒன்றுதான். ஆனாலும் 16 புள்ளி வித்தியாசம். 1970-களில் ஷூமனும் பிரெஸரும் திரும்பக் கேட்டுப் பார்த்தபோதும் அந்த இடைவெளி போகவில்லை. அமெரிக்காவின் பொதுச் சமூக ஆய்வில் 1980-களிலிருந்தே இன்னொரு ஜோடி ஓடிக்கொண்டிருக்கிறது. 'வெல்ஃபேர்' திட்டங்களுக்கு அரசு செலவிடுவது போதாது என்பவர்கள் கால்வாசி அளவில்தான் இருப்பார்கள். 'ஏழைகளுக்கு உதவி' என்று கேட்டால் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. கேட்கப்படுவது அதே பணத்தைப் பற்றித்தான்.

அந்தக் காலத்தில் இரண்டு வடிவம் என்றால் இரண்டு விதமாக அச்சடித்து, கணிப்பாளர்கள் கையில் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் யாரும் துணிய மாட்டார்கள். டெலிஃபோன் சர்வேக்குக் கணினி வந்த பிறகுதான் கை விரிந்தது. பெர்க்லியில் பால் ஸ்னைடர்மனும் கூட்டாளிகளும் ஒரே பேட்டிக்குள் பல சோதனைகளை நுழைத்தார்கள். 1998-இல் ஸ்டான்ஃபோர்டின் நார்மன் நையும் டக் ரிவர்ஸும் தொடங்கிய நாலெட்ஜ் நெட்வொர்க்ஸ், தொலைபேசி எண்களைக் குலுக்கி ஆள் சேர்த்து, இணையம் இல்லாத வீடுகளுக்கு டிவியிலேயே இணையம் காட்டும் வெப்டிவி பெட்டியும் இணைப்பும் கொடுத்து, நாடு தழுவிய ஒரு பேனலை, அதாவது அவ்வப்போது சர்வேக்கு அழைக்கத் தயாராக வைத்திருக்கும் ஆட்களின் கூட்டத்தை, கட்டியது. அந்தப் பேனல் மேல் 2001-இல் டயானா மட்ஸும் ஆர்தர் லூபியாவும் டெஸ் என்ற பொதுத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நல்ல சோதனை டிசைன் எழுதி அனுப்பி, மதிப்பீட்டில் தேறினால் போதும். அமெரிக்க அரசின் அறிவியல் நிதியில் இலவசமாக ஃபீல்டு செய்து தருவார்கள்.

டெஸ்ஸால் யாரும் எதிர்பார்க்காத ஒரு லாபமும் கிடைத்தது. தேர்வான எல்லா சோதனைகளின் டேட்டாவும் அங்கே பத்திரமாக இருந்ததால், எவை கட்டுரையாகின, எவை மேசை டிராயரிலேயே தங்கிவிட்டன என்று எண்ணிப் பார்க்க முடிந்தது. 2014-இல் பிராங்கோ, மல்ஹோத்ரா, சிமோனோவிட்ஸ் மூவரும் 221 சோதனைகளைத் தேடிப் போனார்கள். ஒன்றும் தேறாத முடிவுகளைவிட, பலமான முடிவு வந்தவை பிரசுரமாகும் வாய்ப்பு 40 புள்ளி அதிகம். கட்டுரையாக எழுதப்படும் வாய்ப்போ 60 புள்ளி அதிகம். பத்திரிகை நிராகரிப்பதற்கு முன்னாலேயே ஆய்வாளர்களே கைகழுவிவிடுகிறார்கள் என்று அர்த்தம். பிளானை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு ஃபீல்டுக்குப் போகும் வழக்கம் இன்று பரவியிருப்பதற்கு இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளும் ஒரு காரணம்.

டிசைன்களில் என்னை ரொம்ப யோசிக்க வைப்பது பட்டியல் சோதனை. நேராகக் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்லாத விஷயங்களுக்கானது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் வெள்ளையர்களின் இன வெறுப்பை அளக்க குக்லின்ஸ்கியும் மற்றவர்களும் இதைப் பயன்படுத்தினார்கள். ஒரு குழுவுக்கு மூன்று விஷயங்களைப் படித்துக் காட்டினார்கள்: மத்திய அரசு பெட்ரோல் வரியை ஏற்றுவது, விளையாட்டு வீரர்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம், பெரிய கம்பெனிகள் சுற்றுச்சூழலைக் கெடுப்பது. இதில் எத்தனை உங்களுக்குக் கோபம் வரவைக்கின்றன? எவை எவை என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும். இன்னொரு குழுவுக்கு அதே மூன்றோடு நான்காவதாக ஒன்று: பக்கத்து வீட்டுக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவருவது. தெற்கில் முதல் குழுவின் சராசரி 1.95, இரண்டாவதன் சராசரி 2.37. கழித்தால் 0.42. அதாவது நூற்றுக்கு 42 பேருக்கு அந்த நான்காவது விஷயம் கோபமூட்டுகிறது. யார் அந்த 42 பேர் என்று ஆய்வாளருக்கும் தெரியாது. தெற்குக்கு வெளியே இரண்டு சராசரிகளும் ஏறக்குறைய ஒன்றே.

கேட்க அழகாக இருக்கிறது. விலை என்ன என்று பார்ப்போம். 1,000 பேரிடம் நேராக ஆமாம்-இல்லை கேட்டால், மோசமான நிலையிலும் பிழை எல்லை கூட்டிக் கழித்து 3 புள்ளி. அதே 1,000 பேரை 500-500 ஆகப் பிரித்துப் பட்டியல் கேட்டு, எண்ணிக்கையின் திட்ட விலக்கம் 1 என்று வைத்துக்கொண்டால், பிழை எல்லை 12 புள்ளியைத் தாண்டும். நான்கு மடங்கு. அதை மறுபடி 3-க்கு இறக்க 16 மடங்கு ஆட்கள் வேண்டும். 1,000 என்பது 16,000 ஆகிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் பாதிப் பேர் பட்டியலைக் கைவிட்டுவிடுவார்கள், அதுவும் நியாயம்தான். ஜனங்கள் பொய் சொல்வார்கள் என்று நாம் நினைக்கும் பல விஷயங்களில் நேர்க்கேள்விக்கே ஓரளவு உண்மையான பதில் கிடைக்கிறது. கிளையன்ட் பிடிவாதமாக இருந்தால் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன்: எல்லோருக்கும் கோபம் வரும் விஷயங்களாகவே மூன்றையும் வைக்கக் கூடாது. நான்கும் கோபம் என்று சொல்ல வேண்டிய நிலை வந்தால், அந்த ஆளின் ரகசியம் உடைந்துபோகிறது. அது அவருக்கும் தெரியும்.

இப்போது அதிகமாக வருவது கான்ஜாயின்ட். சந்தை ஆராய்ச்சியில் பழைய சரக்கு. 2014-இல் ஹைன்முல்லர், ஹாப்கின்ஸ், யமமோட்டோ எழுதிய கட்டுரைக்குப் பிறகு அரசியல் ஆய்வாளர்கள் கையில் புது வேகம். அமெரிக்காவுக்கு வர விண்ணப்பித்த இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, யாரை உள்ளே விடுவீர்கள் என்று கேட்பது. கல்வி, தொழில், பிறந்த நாடு, ஆங்கிலம் தெரியுமா, ஏன் வருகிறார் என்று ஒன்பது அம்சங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குலுக்கப்பட்டது. ஒருவருக்கு ஐந்து ஜோடிகள். ஸ்கிரிப்ட் எழுதுகிறவனுக்கு இங்கேதான் உயிர் போகும். முழுக்கக் கண்ணை மூடிக் குலுக்கினால், பள்ளிக்கூடமே போகாத டாக்டர் வந்து நிற்பார். ஆகவே சில தொழில்களுக்குக் கல்லூரிப் படிப்பு கட்டாயம், துன்புறுத்தலுக்குத் தப்பி வருகிறார் என்றால் குறிப்பிட்ட சில நாடுகள் மட்டும் என்று கட்டுப்பாடு போட வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டைக் கணக்குப் பார்க்கும்போதும் மறக்கக் கூடாது. அம்சங்களின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றலாம், ஆனால் ஒரே ஆளுக்கு ஐந்து ஜோடிகளிலும் ஒரே வரிசைதான் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாவம், ஒவ்வொரு பக்கத்திலும் படிப்பு எங்கே, நாடு எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்.

திரையில் சொடுக்குவதும் நிஜத்தில் செய்வதும் ஒன்றா? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இதற்கு சுவிட்சர்லாந்தில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. அங்கே சில ஊர்களில் 2003 வரை குடியுரிமை கேட்டு வருகிறவர்களை ஊர் வாக்காளர்களே ரகசிய வாக்கெடுப்பில் ஏற்றார்கள் அல்லது தள்ளினார்கள். விண்ணப்பதாரரின் வயது, படிப்பு, பிறந்த நாடு எல்லாம் போட்ட துண்டறிக்கை வீட்டுக்கு வரும். பிறந்த நாடுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்தோ துருக்கியிலிருந்தோ வந்தவர்களுக்கு, மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருந்த வடக்கு, மேற்கு ஐரோப்பியர்களைவிட 'வேண்டாம்' வாக்குகள் 40% அளவுக்கு அதிகம். ஹைன்முல்லர், ஹாங்கார்ட்னர், யமமோட்டோ பிற்பாடு அதே ஊர்க்காரர்களிடம் ஆன்லைனில் கற்பனை விண்ணப்பதாரர்களைக் காட்டி, முடிவை அந்த நிஜ வாக்குகளோடு ஒப்பிட்டார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில், இரண்டு பேரை அருகருகே காட்டும் கான்ஜாயின்ட், நிஜத்தின் விளைவுகளைச் சராசரியாக 2 புள்ளி வித்தியாசத்துக்குள் பிடித்தது. அதே சோதனையை மாணவர்களிடம் செய்தபோது அவ்வளவு பொருந்தவில்லை. இந்தக் கட்டுரையைக் காட்டி, சர்வே சோதனை எல்லாம் நிஜம் என்று சிலர் சாதிப்பார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். துண்டறிக்கையைப் படித்து டிக் அடிப்பது என்பதே கிட்டத்தட்ட ஒரு சர்வேதானே. நிஜமே சர்வே மாதிரி இருந்த இடத்தில் சர்வே நிஜத்தைப் பிடித்தது.

சரி, குலுக்கலுக்குப் பிறகு என்ன நடக்கிறது? ஆராய்ச்சியாளர்கள் ரேண்டமைசேஷனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அதற்கு அடுத்த நிமிடம் எத்தனை பேர் ப்ரௌசரை மூடிவிட்டுப் போனார்கள் என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது.

2016-இல் ஜோவும் ஃபிஷ்பாக்கும் இதை வைத்து ஒரு குறும்பு செய்தார்கள். சின்னச் சின்ன வேலைகளுக்கு இணையத்தில் ஆள் பிடிக்கும் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் ஒரு குழுவைக் கண்ணுக்கு ஐலைனர் போட்டுக்கொள்வதாகவும், இன்னொன்றை ஷேவிங்குக்குப் பிறகு ஆஃப்டர்ஷேவ் தடவிக்கொள்வதாகவும் கற்பனை செய்து எழுதச் சொன்னார்கள். அப்புறம் உடல் எடையைக் கேட்டார்கள். ஐலைனர் குழுவின் எடை குறைவு! ஐலைனரை நினைத்தாலே உடம்பு இளைக்கிறது என்று பேப்பரில் தலைப்பே போட்டுவிடலாம். நடந்தது வேறு. ஐலைனர் பக்கத்தைப் பார்த்த ஆண்கள் பலர் சர்வேயை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது பெரும்பாலும் பெண்கள். குலுக்கல் சரியாகத்தான் நடந்தது, ஆனால் கடைசி வரை வந்தவர்களில் அதன் பலன் மிஞ்சவில்லை.

ஐலைனர் என்பதால் கண்ணுக்குத் தெரிந்தது. மற்ற நேரங்களில் தெரியாது. ஒரு குழுவுக்கு இரண்டு நிமிட வீடியோ, கட்டுப்பாட்டுக் குழுவுக்கு ஒன்றுமில்லை என்று டிசைன் வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். பழைய ஃபோன், மந்தமான சிக்னல் உள்ளவர்கள் வீடியோ சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்து வெளியேறுவார்கள். அவர்கள் பெரும்பாலும் வருமானம் குறைந்தவர்கள். கட்டுப்பாட்டுக் குழுவில் அவர்களைப் போன்றவர்கள் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் வரி, மானியம் பற்றிக் கேட்டால் வித்தியாசம் வராமல் என்ன செய்யும்? வீடியோ வேண்டும் என்றால் இரண்டு குழுவுக்கும் அதே நீளத்தில் வீடியோ வையுங்கள், கட்டுப்பாட்டுக்கு ஏதாவது சம்பந்தமில்லாத தலைப்பு போதும் என்று எழுதி அனுப்புவேன். ஒரு டெஸ்ட் கிளிப்பைக் குலுக்கலுக்கு முன்னாலேயே ஓடவிட்டு, பார்க்க முடியாதவர்களை அங்கேயே வெளியே அனுப்புவது இன்னும் நல்லது.

இதைவிடப் பெரிய தலைவலி, ஆராய்ச்சியாளரே ஆட்களைத் தூக்கி வெளியே போடுவது. ஃபீல்டு முடிந்ததும் ஒரு கிளையன்டிடமிருந்து மெயில் வந்தது (பெயர் எதற்கு?): காட்டிய செய்தி எதைப் பற்றியது என்ற கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னவர்களை நீக்கிவிட்டு ஃபைலை மறுபடி அனுப்புங்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. படிக்காதவனின் பதில் எதற்கு? ஆனால் ஒரு குழுவின் செய்தி எளிமையானது, இன்னொன்றின் செய்தி புள்ளிவிவரம் நிறைந்தது. இரண்டாவதில் தேறுகிறவர்கள் படித்தவர்கள், அரசியலில் ஆர்வம் உள்ளவர்கள். முதலாவதில் எல்லோரும் தேறுகிறார்கள். நீக்கிய பிறகு ஒப்பிடுவது வெவ்வேறு விதமான இரண்டு கூட்டங்களை. நான் இரண்டு ஃபைலும் அனுப்பி, எதைக் கணக்கில் எடுப்பது என்பதற்கு ஒரு குறிப்பும் வைத்தேன். அவர் எதைப் பயன்படுத்தினார் என்று கேட்கவில்லை. கேட்பது என் வேலையும் இல்லை.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. மாண்ட்கோமெரி, நைஹன், டோரெஸ் மூவரும் 2012 முதல் 2014 வரை அரசியல் அறிவியலின் மூன்று முன்னணி இதழ்களில் வந்த 75 சோதனைக் கட்டுரைகளை அலசினார்கள். 35-இல் இப்படி, சோதனைக்குப் பிறகு அளந்த ஒன்றை வைத்து ஆட்களை நீக்கியோ பிரித்தோ சரிக்கட்டியோ இருந்தார்கள். கவனச் சோதனை வேண்டும் என்றால் குலுக்கலுக்கு முன்னால் வையுங்கள். அங்கே தவறியவரை நீக்கினால் இரண்டு குழுவிலிருந்தும் ஒரே மாதிரி போவார். செய்தி புரிகிறதா என்பதைத் தனியாக ஒரு பைலட்டில் (சிறிய முன்னோட்டத்தில்) பார்த்துக்கொள்ளுங்கள். சோதனையில் அளக்கப்போகும் கருத்தை முன்னாலும் ஒருமுறை கேட்டு வைத்தால் துல்லியம் நன்றாகக் கூடும். முன்னால் கேட்டால் ஆள் உஷாராகி, சொன்னதையே சொல்வார் என்று ரொம்ப நாள் பயம் இருந்தது. கிளிஃபோர்ட், ஷீக்லி, பிஸ்டன் 2021-இல் பல சோதனைகளில் ஒப்பிட்டுப் பார்த்ததில், விளைவு அவ்வளவாக மாறவில்லை, துல்லியம்தான் கூடியது.

பதில் சொல்கிறவர்கள் யார் என்பது அடுத்த கதை. 2005-இல் வந்த அமேசான் மெக்கானிக்கல் டர்க், சில சென்டுக்கு ஆள் தந்தது. இந்திய ஆய்வுகளுக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். டர்க்கில் கிடைத்த இந்திய மாதிரியில் தமிழ்நாட்டுக்காரர்களும் கேரளக்காரர்களும் அளவுக்கு மீறி நிறைந்திருந்தார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்தியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற கேள்விக்கு நம் பக்கத்துப் பதில்களே போயிருக்கின்றன! 2018 கோடையில் டர்க் டேட்டா திடீரெனக் கெட்டது. ஒரே ஜிபிஎஸ் புள்ளியிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பதில்கள், விரித்து எழுதச் சொன்ன இடத்தில் 'குட்', 'நைஸ்'. டர்க் மாதிரியே ஆள் தரும் ப்ரோலிஃபிக்கில் 2021 ஜூலையில் வேறு விதமான கூத்து: பக்க வருமானம் என்று ஒரு டிக்டாக் வீடியோ பரவி, இளம்பெண்கள் அலையாக வந்து சேர்ந்தார்கள். பாலின விகிதத்தைக் கோட்டாவில் கட்டாமல் விட்டவர்களின் சர்வே முழுக்க இருபதுகளில் உள்ள பெண்களாக நிரம்பியது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம், யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பேனல் ஒன்றில், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஓட்ட உங்களுக்கு உரிமம் உண்டா என்று கேட்டுப் பார்த்தது. 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் 12% பேர் உண்டு என்றார்கள்.

சோதனை செய்கிறவர்கள் இதற்கு அதிகம் அசர மாட்டார்கள். கண்மண் தெரியாமல் டிக் அடிப்பவன் எந்தக் குழுவில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் அடிப்பான். அவனால் விளைவு பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கும், பொய்யான விளைவு முளைக்காது. இல்லாததைக் கண்டுபிடித்துவிடுவோம் என்ற பயம் இல்லை, இருப்பதைத் தவறவிடலாம் என்ற நஷ்டம்தான். இத்தனை வருடமாக இந்தத் துறைக்கு இருந்த ஆறுதல் இது.

ஏஐ வந்த பிறகு அந்த ஆறுதலும் போய்விட்டது. டார்ட்மவுத்தின் ஷான் வெஸ்ட்வுட் 2025 நவம்பரில் வெளியிட்ட ஆய்வில், அவர் தயாரித்த ஏஐ பதிலாளர் கவனச் சோதனைகளில் 99.8% தேறியது. ஒதுக்கிய பாத்திரத்துக்கு ஏற்ற வயது, படிப்புக்குத் தகுந்தபடி எழுதியது, மவுஸை மனிதர் மாதிரி நகர்த்தியது. பேஸ்ட்டைத் தடுப்பது, தட்டச்சு வேகத்தைப் பதிவு செய்வது என்று நாங்கள் வைத்திருக்கும் பூட்டுகள் இதன் முன்னால் நிற்காது. சோம்பேறி மனிதன் விளைவைச் சுருக்குவான். இது படித்துவிட்டு, ஆராய்ச்சியாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்து, அதையே கொடுத்துவிடக் கூடும். அப்போது விளைவு ஊதும். பிளானை முன்கூட்டியே பதிவு செய்திருந்தாலும், குலுக்கல் சரியாக இருந்தாலும், ஃபைலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஃபைல் வழக்கத்தைவிட அழகாகவே இருக்கும்.

அதனால் வீட்டு முகவரியைக் குலுக்கி, தபாலில் அழைத்துச் சேர்க்கும் பேனல்களைத் தேடிக் கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஒரே ஆள் நூறு கணக்கு திறக்க அங்கே வழியில்லை. ஆனால் கடைசி வரை முடித்துத் தரும் ஒரு ஆளுக்கு ஆகும் செலவு, யார் வேண்டுமானாலும் சேரும் ஓப்பன் பேனலைப்போலப் பல மடங்கு. விலையை அனுப்பினால் ஆராய்ச்சி மாணவர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி, ஐந்து குழுவை இரண்டாகக் குறைத்தால் எவ்வளவு ஆகும் என்பதுதான். குறைக்கச் சொல்லித்தான் நானும் எழுதுகிறேன். அவர்கள் அனுப்பும் ஐந்தில் மூன்று, பெரும்பாலும் சும்மா ஆசைக்கு வைத்தவை.